காம்போ டெக்குக்கு சைட்போர்டு: வெளியே போவதை முதலில் முடிவு செய்யுங்கள்

மேஜிக்: த கேதரிங் கார்டு ஆட்டத்தில், சில கார்டுகளைக் கோத்து ஒரேயடியாக ஜெயிக்கும் கார்டுக் கட்டுதான் காம்போ டெக். அதைப் புதிதாக எடுப்பவர்கள் சைட்போர்டில், அதாவது முதல் ஆட்டத்துக்குப் பிறகு மாற்றிக்கொள்ள ஒதுக்கி வைக்கும் 15 கார்டில், செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றேதான். எதிராளி நம்மைத் தடுக்க என்னென்ன கொண்டுவருவார் என்று பட்டியல் போடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் கார்டு தேடுவார்கள். 15 இடமும் நிரம்பிவிடும், மனசும் நிறைந்துவிடும். முதல் ஆட்டம் முடிந்து அந்தக் கார்டுகளை உள்ளே செருகும் நேரம் வரும்போதுதான், ஈடாக எதை எடுப்பது என்று தெரியாமல் விழிப்பார்கள். அவசரத்தில் நாலைந்தைப் பிடுங்கிவிட்டு உட்கார்ந்தால் டெக் ஓடாது.

அதனால் நான் வேலையைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். வெளியே போவது எது, எத்தனை என்று முதலில் பாருங்கள். உள்ளே வருவது அப்புறம்.

உதாரணத்துக்கு மேஜிக்கின் லெகசி வடிவத்தில் (பழைய கார்டுகளும் செல்லும் ஆட்டமுறை) ஆடும் ஸ்டார்ம் டெக்கை எடுத்துக்கொள்கிறேன். ஒரே டர்னில் (தன் முறையில்) நிறைய ஸ்பெல் (கையிலிருந்து போடும் கார்டு) போட்டு, கடைசியில் டெண்ட்ரில்ஸ் ஆஃப் அகனியால் எதிராளியின் 20 உயிரையும் உறிஞ்சும் டெக் அது. உங்களுடையது வேறு காம்போ என்றாலும் படிகளின் வரிசை இதேதான்.

1. தொடங்கும் முன் தேவையானவை

முதலில், 60 கார்டு கொண்ட முடிவான மெயின் டெக். இன்னும் இரண்டு, மூன்று இடம் ஊசலாடுகிறது என்றால் சைட்போர்டைத் தொடாதீர்கள். அடித்தளம் ஆடும்போது மாடி கட்டக்கூடாது.

இரண்டாவது, அன்றைய தடைப்பட்டியல். 2024 டிசம்பரில் வெக்சிங் பாபிள் லெகசியில் தடை செய்யப்பட்டது. மேனா (கார்டு போடச் செலவாகும் சக்தி) செலவழிக்காமல் போடும் ஸ்பெல்லை எல்லாம் அடக்கிய கார்டு அது. அதற்கென்று ஒதுக்கிய பதில் கார்டுகள் ஒரே நாளில் வீண். பழைய பட்டியலைப் பார்த்து எழுதினால், இல்லாத பேய்க்கு வேப்பிலை அடித்துக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவது, நீங்கள் ஆடப்போகும் இடத்தில் எந்தெந்த டெக் வரும் என்ற கணக்கு. ஊர் ஊராக இது மாறும். உங்கள் மேஜையில் பத்துப் பேர் ஆடினால் அவர்களின் டெக்கைப் பெயர் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள், போதும்.

விதிகள் மூன்றை நினைவில் வையுங்கள். சைட்போர்டு 15-ஐத் தாண்டக்கூடாது. மெயின் டெக் 60-க்குக் கீழே போகக்கூடாது. பேசிக் லேண்ட் (மேனா தரும் அடிப்படைக் கார்டு) தவிர எந்தக் கார்டும் இரண்டிலும் சேர்த்து 4-க்கு மேல் கூடாது. மெயினில் 4 தாட்சீஸ் இருந்தால் சைட்போர்டில் ஐந்தாவது கிடையாது. இதைக்கூட மறந்து பட்டியல் எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. டெக் ஜெயிக்கும் கணக்கை ஒருமுறை விரலால் எண்ணுங்கள்

இதைச் செய்யாமல் சைட்போர்டு எழுதுவதில் பயனில்லை. ஒரு கையை மேஜையில் விரித்து வையுங்கள்: கருப்பு மேனா தரும் ஒரு லேண்ட், லோட்டஸ் பெட்டல், டார்க் ரிச்சுவல் இரண்டு, லயன்ஸ் ஐ டயமண்ட், இன்ஃபெர்னல் டியூட்டர். ஆறு கார்டு. ஏழாவதைப் பிறகு பார்ப்போம்.

லேண்டில் 1 மேனா. முதல் ரிச்சுவல் அதை 3 ஆக்கும், இரண்டாவது 5 ஆக்கும். டயமண்டும் பெட்டலும் இலவசம். இதுவரை 4 ஸ்பெல். டியூட்டருக்கு 2 மேனா, மீதி 3. டியூட்டர் நடப்பதற்கு முன்பே டயமண்டை உடைத்து 3 சிவப்பு எடுக்கிறோம். கையில் இருப்பதெல்லாம் கிரேவ்யார்டுக்கு (போட்டு முடிந்த, எறிந்த கார்டுகளின் குவியல்) போய்விடும். கை காலி என்பதால் டியூட்டர் எந்தக் கார்டையும் தேடித் தரும். கிரேவ்யார்டில் கிடக்கும் ஸ்பெல்லை மறுபடி போட வைக்கும் பாஸ்ட் இன் ஃபிளேம்ஸை எடுக்கிறோம்.

இப்போது 6 மேனா. பாஸ்ட் இன் ஃபிளேம்ஸுக்கு 4 போனால் மீதி 2 கருப்பு. கிரேவ்யார்டில் கிடக்கும் ரிச்சுவல்களை மறுபடி போடுகிறோம்: 2 நான்காகும், 4 ஆறாகும். டியூட்டர் இன்னொரு முறை, மீதி 4. டெண்ட்ரில்ஸை எடுத்து அந்த 4-ஐயும் கொட்டுகிறோம். அது பத்தாவது ஸ்பெல். அந்த டர்னில் போட்ட ஸ்பெல் ஒன்றுக்கு 2 உயிர், பத்துக்கு 20. பெட்டலின் 1 மேனா மட்டும் கைபடாமல் மேஜையில் இருக்கும்.

இனி அதே கையில் ஒரு ரிச்சுவலை மட்டும் எடுத்துவிட்டு எண்ணிப் பாருங்கள். பெட்டலையும் சேர்த்து உடைத்தாலும் கடைசியில் கையில் 1 மேனாதான். டெண்ட்ரில்ஸுக்கு 4 வேண்டும். எப்படியோ அதைப் போட்டால்கூட எட்டாவது ஸ்பெல்தான், 16 உயிர்தான். ஒரே ஒரு கார்டு குறைந்ததற்கு இரண்டு பக்கமும் அடி.

'இவ்வளவு ரிச்சுவல் எதுக்கு, ஒண்ணு எடுத்தா என்ன' என்று கேட்பவரை நான் இந்தக் கணக்கின் முன் உட்கார வைத்துவிடுவேன்.

3. தொடக்கூடாதவற்றைக் கோடு போட்டுப் பிரியுங்கள்

நான் எடுத்துக்கொண்ட 60 இது. லேண்ட் 16. பிரெயின்ஸ்டார்ம், பாண்டர், ப்ரீஆர்டெய்ன் நந்நான்கு (ஒரு மேனாவில் கார்டு தேடித் தரும் கேன்ட்ரிப்கள்). டார்க் ரிச்சுவல், கபால் ரிச்சுவல், டயமண்ட், பெட்டல் நந்நான்கு. இன்ஃபெர்னல் டியூட்டர் 4, டார்க் பெட்டிஷன் 1 (இதுவும் தேடித் தரும் டியூட்டர்தான்). டெண்ட்ரில்ஸ், பாஸ்ட் இன் ஃபிளேம்ஸ், ஆட் நாசியம் (உயிரை விலையாகக் கொடுத்து நிறையக் கார்டு எடுப்பது), செயின் ஆஃப் வேப்பர் (மேஜையில் உள்ள ஒரு கார்டைக் கைக்குத் திருப்புவது) ஒவ்வொன்று. தாட்சீஸ் 4, டியூரெஸ் 3 (எதிராளி கையைப் பார்த்து ஒரு கார்டை எறிய வைப்பவை). (இப்போது பலர் டியூட்டருக்குப் பதிலாக பிசீச் த மிரர் வைக்கிறார்கள். எண்ணும் முறை மாறாது.)

இதில் லேண்ட், ரிச்சுவல்கள், டயமண்ட், பெட்டல், டியூட்டர்கள், டெண்ட்ரில்ஸ், பாஸ்ட் இன் ஃபிளேம்ஸ், பிரெயின்ஸ்டார்ம், பாண்டர் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம். மொத்தம் 47. அவற்றை எடுத்தால் டெக்கின் வேகமோ நிலையான ஓட்டமோ போய்விடும்.

மீதி 13: ப்ரீஆர்டெய்ன் 4, தாட்சீஸ் 4, டியூரெஸ் 3, ஆட் நாசியம் 1, செயின் 1. வெளியே போகத் தகுதியுள்ளவை இவை மட்டுமே. இந்த 13-ஐயும் எந்த எதிராளிக்கும் முழுசாக எடுக்க முடியாது. எதிராளி கையை எட்டிப் பார்க்கும் கார்டு கொஞ்சமாவது வேண்டும், தேடித் தருவதும் வேண்டும்.

என் அனுபவத்தில் ஒரு மேட்சில் 5 வரை மாற்றலாம். 6 என்றால் யோசிக்க வேண்டும். ஆரம்ப நாட்களில் வெள்ளைக் கிரீச்சர் (மேஜையில் நின்று அடிக்கும் உயிரினக் கார்டு) டெக் ஒன்றுக்கு எதிராக 8 கார்டை உள்ளே கொண்டுவந்தேன். அவர் போட்ட தடையை எல்லாம் ஒவ்வொன்றாக அழகாக உடைத்தேன். அதற்குள் என் உயிர் தீர்ந்துவிட்டது. கடைசிக் கையில் இரண்டு பதில் கார்டும் ஒரு லேண்டும்தான் இருந்தன.

4. எதிராளி எந்த இடத்தில் கைவைக்கிறார் என்று வகைபிரியுங்கள்

தடுக்கும் கார்டுகளைப் பெயர் பெயராக மனப்பாடம் செய்யாதீர்கள், முடியாது. எந்த இடத்தில் தடுக்கிறது என்று பாருங்கள். ஸ்டார்முக்கு ஐந்து இடம்.

போடும் ஸ்பெல்லைப் பறிப்பது முதல் வகை. ஃபோர்ஸ் ஆஃப் வில், டேஸ், ஃப்ளஸ்டர்ஸ்டார்ம், மைண்ட்பிரேக் ட்ராப். ட்ராப் மட்டும் தனி ரகம். ஒரே டர்னில் மூன்று ஸ்பெல் போட்ட எதிராளி மீது இலவசமாக வரும். ஸ்பெல்லை ரத்து செய்யாமல் ஆட்டத்தை விட்டே நீக்கும்.

கையில் உள்ளதைப் பிடுங்குவது இரண்டாவது. நாம் வைத்திருக்கும் அதே தாட்சீஸ் நம் மீதே வரும்.

மேஜையில் உட்கார்ந்துகொண்டு மூச்சுத் திணற வைப்பவை மூன்றாவது, இவைதான் மிக மோசம். தாலியா இருந்தால் கிரீச்சர் அல்லாத ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் 1 மேனா கூடுதல். மேலே எண்ணிய பத்து ஸ்பெல்லுக்கு அது 10 மேனா. டெஃபனிங் சைலன்ஸ் இருந்தால் ஒரு டர்னுக்கு அப்படிப்பட்ட ஸ்பெல் ஒன்றுதான். சாலிஸ் ஆஃப் த வாய்ட் 1-ல் (விலை 1 உள்ள ஸ்பெல்லைத் தடுக்கும்படி) வந்தால் டார்க் ரிச்சுவலும் எல்லாக் கேன்ட்ரிப்களும் போடப்போட ரத்து. லேலைன் ஆஃப் சாங்டிட்டி இருந்தால் எதிராளியையே குறிவைக்க முடியாது, அதனால் டெண்ட்ரில்ஸ் செல்லாது.

கிரேவ்யார்டைக் காலி செய்வது நான்காவது. சர்ஜிகல் எக்ஸ்ட்ராக்ஷன், எண்டூரன்ஸ், லேலைன் ஆஃப் த வாய்ட். பாஸ்ட் இன் ஃபிளேம்ஸ் வழி அடைபடும்.

ஐந்தாவது, நம்மைவிட வேகமாக ஜெயிப்பது. ரீஅனிமேட்டர் போன்ற டெக்குகள் முதல் டர்னிலோ இரண்டாவதிலோ கிரேவ்யார்டிலிருந்து பெரிய உருப்படியை இறக்கிவிடும்.

உங்கள் ஊர்ப் பட்டியலில் ஒவ்வொரு டெக்குக்கும் நேராக இந்த எண்களை எழுதுங்கள். பெரும்பாலான டெக்குக்கு இரண்டு எண் வரும்.

5. ஒவ்வோர் எதிராளிக்கும் எத்தனை இடம் காலியாகும்

பதில் கார்டைப் பற்றி இன்னும் யோசிக்காதீர்கள். 13-ல் எது இவருக்கு எதிராகச் சோம்பேறி என்று மட்டும் பாருங்கள்.

வெள்ளைக் கிரீச்சர் டெக்: டியூரெஸ் கிரீச்சரை எடுக்காது. அவர் கையில் தாலியாவைப் பார்த்துவிட்டுத் தொட முடியாமல் திருப்பிக் கொடுப்பது கொடுமை. 3 டியூரெஸும் வெளியே. அவர் அடித்துக்கொண்டே இருப்பார் என்பதால் உயிரை விலையாகக் கேட்கும் ஆட் நாசியமும் வெளியே. ப்ரீஆர்டெய்ன் ஒன்று. மொத்தம் 5.

ஃபோர்ஸ், டேஸ், வேஸ்ட்லேண்ட் (நம் லேண்டை உடைக்கும் லேண்ட்) வைத்த நீல டெம்போ: மேஜையில் திருப்பி அனுப்ப அவ்வளவாக எதுவும் இருக்காது, செயின் வெளியே. சின்னக் கிரீச்சர் விடாமல் அடிக்கும், ஆட் நாசியமும் வெளியே. ப்ரீஆர்டெய்ன் இரண்டு. மொத்தம் 4. இங்கே பெட்டலைத் தொடாதீர்கள். டேஸுக்குக் கட்ட 1 மேனா கிடைப்பதே பெரிய விஷயம்.

சாலிஸ் வைத்த ஆர்டிஃபாக்ட் (கருவிக் கார்டு) டெக்: ப்ரீஆர்டெய்ன் 2, செயின் 1, தாட்சீஸ் 2. மொத்தம் 5.

ரீஅனிமேட்டர்: ப்ரீஆர்டெய்ன் 3, அவ்வளவுதான். செயின் இங்கே தங்கம். மெனக்கெட்டு அவர் இறக்கியதை 1 மேனாவில் கைக்கே திருப்பி அனுப்பும்.

இந்த எண்கள் உங்கள் எல்லை. 5 இடம் உள்ள மேட்சுக்கு 9 பதில் கார்டு வாங்கி வைப்பது காசுக்கும் கேடு, இடத்துக்கும் கேடு.

6. பதில் கார்டைத் தேர்ந்தெடுப்பது

இப்போதுதான் கடைக்குப் போகிறோம். ஒவ்வொரு கார்டையும் நான்கு கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: தடை இருக்கும்போதே இதைப் போட முடியுமா? போன வருஷம் ஒரு தம்பி ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே 1-ல் சாலிஸ். தம்பி தன் டர்னில் கார்டு எடுத்தார், முகம் மலர்ந்தது, செயின் ஆஃப் வேப்பரை வைத்து 'சாலிஸைத் திருப்புகிறேன்' என்றார். எதிராளி ஒன்றும் பேசவில்லை, விரலால் சாலிஸைத் தட்டினார். செயினின் விலையும் 1. அதே சாலிஸ் அதை ரத்து செய்துவிட்டது. நாற்பது நிமிஷம் காத்திருந்து எடுத்த கார்டு.

சாலிஸுக்கு அப்ரப்ட் டிகே சரியான பதில். விலை 2, யாராலும் ரத்து செய்ய முடியாது, லேண்ட் தவிர, மேஜையில் 3 மேனா மதிப்பு வரை உள்ள எதையும் உடைக்கும். மேஜைக்கு வந்துவிட்ட சாலிஸின் மதிப்பு 0 என்றே கணக்கு, அதனால் தடையில்லை. ஆனால் 4 மேனா மதிப்புள்ள லேலைன்களை டிகே தொடாது, அங்கே செயின்தான். இப்படி இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால்தான் எதில் எத்தனை என்று புரியும்.

லேண்டாகவும் பயன்படும் பொசெய்ஜூவையும் நினைவில் வையுங்கள். அதைக் கையிலிருந்து எறிந்து ஆர்டிஃபாக்டையோ என்சான்ட்மென்டையோ (லேலைன் போல மேஜையில் தங்கும் மந்திரம்) உடைப்பது ஒரு திறன், ஸ்பெல் அல்ல. அதனால் தாலியாவின் வரியும் இல்லை, சாலிஸும் தடுக்காது.

இரண்டாவது கேள்வி: எதிராளியின் டர்ன் முடிவில் போடலாமா? டெஃபனிங் சைலன்ஸை நம் டர்னில் செயினால் திருப்பினால், தடை போனாலும் அந்த டர்னின் மேனாவில் 1 போச்சு. அவர் டர்னின் கடைசியில் திருப்பினால், அவர் மறுபடி போடுவதற்குள் நம் டர்ன் முழுசாகக் கையில் இருக்கும். அதனால்தான் எப்போது வேண்டுமானாலும் போடக்கூடிய இன்ஸ்டன்ட்களுக்கு காம்போ சைட்போர்டில் முதலிடம். நிரந்தரமாக உடைக்க வேண்டியதில்லை. ஒரு டர்னுக்கு வழிவிட்டால் போதும், அந்த டர்னிலேயே ஆட்டம் முடிந்துவிடும்.

மூன்றாவது கேள்வி, புதியவர்கள் கேட்கவே கேட்காதது: தடை வராவிட்டால் இந்தக் கார்டு என் கையில் என்ன செய்யும்? இன்ஃபெர்னல் டியூட்டருக்குக் கை காலியாக வேண்டும். எதிரே கிரீச்சரே இல்லாதபோது, கிரீச்சரை மட்டும் கொல்லும் ஃபேட்டல் புஷ் கையில் பசை போல ஒட்டிக்கொள்ளும். டயமண்ட் இல்லையென்றால் டியூட்டரே முடங்கிவிடும். செயின் அப்படியல்ல. நம் பெட்டலையே குறிவைத்துத் திருப்பி எடுத்து மறுபடி போடலாம், ஸ்பெல் எண்ணிக்கை இரண்டு கூடும்.

மேலே விட்ட ஏழாவது கார்டுக்கு இப்போது வருவோம். அது டியூரெஸ் என்றால், சும்மா கிடந்த பெட்டல் மேனாவில் முதலில் அதைப் போடலாம். எதிராளி கையும் தெரியும், கடைசிக் கணக்கு 22 ஆகும். அதே இடத்தில் அப்ரப்ட் டிகே இருந்தால், டயமண்டை உடைக்கும்போது அது குப்பைக்குத்தான் போகும். கையைத் துருவும் கார்டுகளை நான் அவ்வளவு சுலபமாக வெளியே எடுக்க விடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்காவது கேள்வி: இரண்டு வகைக்கு உதவுமா? வெய்ல் ஆஃப் சம்மர் இதற்கு நல்ல உதாரணம். ஒரு பச்சை மேனா. எதிராளி ஃபோர்ஸ் போட்டதும் அதற்கு மேல் இதைப் போட்டால், அந்த டர்ன் முழுக்க நம் ஸ்பெல் எதையும் ரத்து செய்ய முடியாது, ஒரு கார்டும் கிடைக்கும். தாட்சீஸ் வந்தால் அதையும் தட்டிவிடும். முதல் வகை, இரண்டாவது வகை இரண்டுக்கும் ஒரே கார்டு. ஆனால் மைண்ட்பிரேக் ட்ராப்பிடம் வெய்ல் பலிக்காது. ட்ராப் ரத்து செய்வதில்லை, நீக்குகிறது என்று சொன்னேனே, அதுதான். ட்ராப்புக்கு முன்கூட்டியே டியூரெஸால் கையிலிருந்து எடுத்துவிடுவதே வழி.

மசாக்கர் பற்றி ஒரு வார்த்தை. எதிராளியிடம் ப்ளெயின்ஸும் (வெள்ளை லேண்ட்) நம்மிடம் ஸ்வாம்பும் (கருப்பு லேண்ட்) இருந்தால் இலவசம், எல்லாக் கிரீச்சருக்கும் பலமும் தாங்குதிறனும் அந்த டர்னில் இரண்டு இரண்டு குறையும். தாலியா மேஜையில் இருந்தால் இலவசத்துக்கும் 1 மேனா வரி உண்டு, அதைக் கணக்கில் வையுங்கள். இன்னொன்று, அதன் அச்சிட்ட விலை 4. ஆட் நாசியம் எடுக்கும் ஒவ்வொரு கார்டுக்கும் அதன் விலை அளவு உயிர் போகும். நம் 60 கார்டின் விலையைக் கூட்டினால் 58, அதாவது கார்டுக்கு ஒரு உயிருக்கும் சற்றுக் குறைவு. விலை கூடிய பதில் கார்டுகளை அதிகம் திணித்தால் இந்தச் சராசரி கெடும். மசாக்கர் வரும்போது ஆட் நாசியம் போவதற்கு இது இன்னொரு காரணம்.

7. எத்தனை பிரதி

60-ல் ஒரு கார்டின் 1 பிரதி இருந்தால், முதல் 10 கார்டில் அதைப் பார்க்கும் வாய்ப்பு சுமார் 17 சதவீதம். 2 இருந்தால் 31, 3 இருந்தால் 43, 4 இருந்தால் 53. கேன்ட்ரிப்கள் இதைக் கொஞ்சம் உயர்த்தும்.

இதிலிருந்து நான் பின்பற்றும் வழக்கம் இது. ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே வேண்டியது என்றால் 3. டியூட்டரால் தேடி எடுத்தாலும் போதும் என்றால் 1. இரண்டு என்பது பெரும்பாலும் முடிவெடுக்கத் தயங்கியவரின் எண். ஆனால் ஒரே வேலையைச் செய்யும் வேறு கார்டுகள் பக்கத்தில் இருந்தால் 2 சரி. புஷ் 2, மசாக்கர் 1, கூடுதல் செயின் 1 என்றால் தாலியாவுக்கு எதிராக உண்மையில் 4 பதில். சர்ஜிகலும் ரீஅனிமேட்டருக்கு எதிராகச் செயினோடு சேர்ந்துதான் எண்ணப்படும்.

8. மேனா நிறம் ஒத்துவருகிறதா

டிகேயும் வெய்லும் பச்சை கேட்கும். மெயினில் பச்சை தரும் லேண்ட் ஒரே ஒரு ட்ராபிகல் ஐலண்ட் என்றால், அதைத் தேடி எடுக்கும் ஃபெட்ச் லேண்டுகள் இருந்தாலும், ஒரு வேஸ்ட்லேண்ட் அதை அடித்ததும் பச்சைக் கார்டெல்லாம் காகிதம். அதனால் சைட்போர்டின் ஓர் இடத்தை, பச்சை தரும் இன்னொரு லேண்டான பேயூவுக்குக் கொடுங்கள். லேண்டுக்கு சைட்போர்டில் இடம் ஒதுக்க எல்லோருக்கும் மனசு வராது. ஆனால் 3 டிகேயைப் போட முடியாமல் பிடித்துக்கொண்டு உட்காருவதைவிட இது மேல். லேண்ட் ஒன்று கூடுவதால் ப்ரீஆர்டெய்ன் ஒன்று குறைவதும் அவ்வளவாக வலிக்காது.

9. வேறு வழியில் ஜெயிக்க ஓர் இடம்

எதிராளியும் சைட்போர்டு செய்வார். கிரேவ்யார்டைத் தாக்கும் கார்டுகளாகக் கொண்டுவந்து குவித்தால், ஒவ்வொன்றுக்கும் பதில் தேடுவதைவிடக் கிரேவ்யார்டே வேண்டாத வழியில் போவது லாபம். எம்ப்டி த வாரன்ஸ் அதற்கு. அந்த டர்னில் போட்ட ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் இரண்டு கோப்ளின். இரண்டு ரிச்சுவல், டயமண்ட், பெட்டல், அப்புறம் எம்ப்டி: முதல் டர்னிலேயே 10 கோப்ளின். யாரையும் குறிவைப்பதில்லை என்பதால் லேலைன் ஆஃப் சாங்டிட்டியும் இதைத் தடுக்காது. வெளியே போவது ஒரு ப்ரீஆர்டெய்ன். ஆட் நாசியத்தை எடுக்காதீர்கள், அதுவும் கிரேவ்யார்டை நம்பாத வழிதான்.

பர்னிங் விஷ் வைத்த ஸ்டார்ம் ஆடுபவர்களுக்கு இந்தப் படி பெரியது. அது சைட்போர்டிலிருந்தே ஒரு சோர்சரியை (நம் டர்னில் மட்டும் போடக்கூடிய ஸ்பெல்) கையில் எடுத்துத் தரும் என்பதால், 15-ல் சில இடங்கள் மேட்ச் முழுக்க அங்கேயே இருந்தாக வேண்டும். டெண்ட்ரில்ஸ், எம்ப்டி போன்றவற்றை அங்கே வைத்துவிட்டு, மீதி எத்தனை என்று எண்ணி அதற்குள் மேலே சொன்ன படிகளைச் செய்யுங்கள்.

10. 15-ஐ எழுதுங்கள்

வெய்ல் 3, டிகே 3, புஷ் 2, சர்ஜிகல் 2, செயின் 1, ஹர்கில்ஸ் ரீகால் 1, மசாக்கர் 1, எம்ப்டி 1, பேயூ 1. மொத்தம் 15.

இனி 5-ஆம் படியின் எண்களோடு ஒப்பிடுங்கள். வெள்ளைக் கிரீச்சர் டெக்குக்கு 5 வெளியே. உள்ளே புஷ் 2, மசாக்கர், செயின், டிகே 1. நீல டெம்போவுக்கு 4 வெளியே. உள்ளே வெய்ல் 3, பேயூ. சாலிஸ் டெக்குக்கு 5 வெளியே. உள்ளே டிகே 3, எதிராளியின் ஆர்டிஃபாக்ட் எல்லாவற்றையும் கைக்கு அனுப்பும் ஹர்கில்ஸ், பேயூ. ரீஅனிமேட்டருக்கு 3 வெளியே. உள்ளே சர்ஜிகல் 2, செயின். எம்ப்டி, 9-ஆம் படியில் சொன்னபடி கிரேவ்யார்டைத் தாக்குபவருக்கு எதிராக ஒரு ப்ரீஆர்டெய்னுக்குப் பதில். இரண்டு பக்கமும் சமம் வர வேண்டும். வரவில்லையென்றால் பட்டியலைத் திருத்துங்கள், 'அன்னைக்குப் பாத்துக்கலாம்' என்று விடாதீர்கள்.

எந்த மேட்சுக்கும் உள்ளே வராத கார்டு ஒன்று இருந்தால் அது பயத்தில் சேர்த்தது. தூக்குங்கள்.

11. சோதித்துப் பார்ப்பது

புதியவர்கள் முதல் ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடிப் பழகுவார்கள். மூன்று ஆட்ட மேட்சில் குறைந்தது பாதி ஆட்டங்கள் சைட்போர்டு செய்த பிறகுதான் நடக்கின்றன. நண்பரிடம் சொல்லி, இருவரும் மாற்றிவிட்ட டெக்கோடு மட்டும் பத்து ஆட்டம் ஆடுங்கள்.

தோற்ற ஒவ்வோர் ஆட்டத்திலும் கடைசிக் கையை எழுதிவையுங்கள். பதில் கார்டு தேங்கிக் கிடந்தால் அதிகமாகச் சேர்த்திருக்கிறீர்கள். மேனாவும் ரிச்சுவலும் நிறைந்து ஒரு தடையால் மட்டும் முடங்கியிருந்தால் குறைவு. பத்து கை எழுதினால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டுப் பேருக்கு முதல் பக்கம்தான் சாயும்.

12. போட்டி நாளில்

சிறிய தாளில் எதிராளி வாரியாக வெளியே, உள்ளே என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆட்டங்களுக்கு இடையில் அதைப் பார்க்க அனுமதி உண்டு, ஆட்டம் நடக்கும்போது கிடையாது. அடுத்த ஆட்டம் தொடங்கும் முன் உள்ளே வைத்துவிடுங்கள். போனில் எழுதி வைக்காதீர்கள், பெரிய போட்டிகளில் அதை எடுக்கவே விடமாட்டார்கள்.

யார் முதலில் ஆடுகிறார் என்பதற்கு இரண்டு வரி தனியாக. சாலிஸ் டெக்குக்கு எதிராக நாம் முதலில் ஆடினால் தாட்சீஸ் சாலிஸையே கையிலிருந்து எடுத்துவிடும், அதனால் நாலையும் வைத்துக்கொண்டு ப்ரீஆர்டெய்னில் இன்னும் இரண்டைக் கழிக்கிறேன். இரண்டாவதாக ஆடினால் தாட்சீஸ் கைக்கு வரும்போதே சாலிஸ் உட்கார்ந்திருக்கும்.

மாற்றும்போது வெளியே போகும் கார்டுகளை முதலில் எடுத்து மேஜையில் குப்புற வையுங்கள். உள்ளே வருபவற்றை எடுத்து அதன் பக்கத்தில் வையுங்கள். இரண்டு குவியலும் ஒரே எண்ணிக்கையா என்று பார்த்துவிட்டுக் கலையுங்கள். மேட்ச் முடிந்ததும், எழுந்திருக்கும் முன், 15-ஐயும் விரித்துப் பார்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த சுற்றின் முதல் ஆட்டத்தில் மசாக்கர் கைக்கு வந்தால், நடுவரைக் கூப்பிட வேண்டியவர் நீங்கள்தான்.